டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் எங்கே?

லீவுக்கு ஊருக்குப் போனால் மூணாறு பார்க்காமல் திரும்புகிற குடும்பம் நம்மில் ரொம்பக் குறைவு. அம்மா வீட்டில் ஒரு வாரம், மாமியார் வீட்டில் ஒரு வாரம், ரெண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. மிச்சம் இருக்கிற மூணு நாளில் ஒரு வேனைப் பிடித்து மூணாறு. மாட்டுப்பட்டி அணையில் போட்டிங், எக்கோ பாயிண்டில் ஆளுக்கு ஒரு கத்தல், வீட்டில் செய்த சாக்லேட் அரைக் கிலோ, கடைசியாக டாப் ஸ்டேஷன். அங்கே போய் இறங்கியதும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்விக்குத்தான் பெரியவர்களிடம் பதில் இருப்பதில்லை. "டாப் ஸ்டேஷன்னு போர்டு இருக்கே, ஸ்டேஷன் எங்கப்பா?"

ஸ்டேஷன் இருந்தது. ரயிலும் இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் தண்டவாளம் போட்டு, அங்கிருந்து கயிற்றில் கட்டி மலைக்குக் கீழே தேயிலையை இறக்கியிருக்கிறார்கள். இறக்கியது கேரளப் பக்கம் இல்லை, நம்ம போடிநாயக்கனூர் பக்கம். இது இடுக்கி எல்லைக் கதை. இதே மலைத்தொடரில் வடக்கே, பாலக்காடு எல்லையிலும் இன்னொரு ரயில் ஓடியிருக்கிறது. அது பறம்பிக்குளம் காட்டிலிருந்து தேக்கு மரத்தை மேற்கே, கொச்சிப் பக்கம் கொண்டுபோனது. ரெண்டும் இன்றைக்கு இல்லை.

நான் பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் குப்பை கொட்டுகிறவன். அதிலும் ஏற்றுமதி இறக்குமதி பில் பார்க்கிற பிரிவு. சரக்கு எங்கிருந்து கிளம்பியது, எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல், பணம் யாருக்கு என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்துவிட்டது. அதனால் சரித்திரம் என்றாலும் ராஜா ராணி கதையைவிட சரக்கு போன வழிதான் எனக்குக் கண்ணில் படும். சொந்த ஊர் உடுமலை என்பதால் இந்த மலையைச் சின்ன வயதிலிருந்தே அடிவாரத்திலிருந்து பார்த்தவன். ஒரு மே மாத லீவில் மூன்று குடும்பம், பதினோரு பேர், ஒரு டெம்போ டிராவலர் எடுத்து பொள்ளாச்சியில் ஆரம்பித்து போடி வரைக்கும் நாலு நாள் சுற்றினோம். அந்த வழியிலேயே உங்களையும் கூட்டிப் போகிறேன். இயற்கைக் காட்சி வர்ணனை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும் :-)

முதல் ரயில்: மேற்கே போன தேக்கு

பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, முதலமடைப் பஞ்சாயத்து. அதாவது சுத்தமான கேரளா. ஆனால் பஸ்ஸில் போகவேண்டுமானால் பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக, தமிழ்நாட்டுக்குள்ளேயே போய்த்தான் நுழைய வேண்டும். தன் மாநிலத்தின் ஒரு மூலைக்குப் பக்கத்து மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிற விநோதம் இது. பாலக்காட்டில் இருக்கிற ஆபீசுக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போகும் பறம்பிக்குளத்துக்காரர் ரெண்டு முறை மாநில எல்லையைத் தாண்டுவார்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் காடு கொச்சி சமஸ்தானத்துச் சொத்து. தேக்குக்குப் பெயர் போன காடு. இன்றைக்கும் அங்கே கன்னிமரா தேக்கு என்று ஒரு மரம் நிற்கிறது, சுமார் ஏழு மீட்டர் சுற்றளவு. எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கை கோத்துக்கூடச் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. அந்த மாதிரி மரங்கள் ஆயிரக்கணக்கில் இருந்த காடு. வெட்டலாம், ஆனால் எப்படி வெளியே கொண்டுவருவது? கிழக்கே இறக்கினால் அது வெள்ளைக்காரனின் மதராஸ் மாகாணம். மேற்கே இறக்கினால் சொந்த சமஸ்தானம், சொந்தத் துறைமுகம். ஆனால் மேற்கே செங்குத்தான மலை.

காட்டு ரயில் போடலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் அப்போது கொச்சி சமஸ்தானத்தில் வன அதிகாரியாக இருந்த வி. ஆழ்வார் செட்டி. பாதை 1907ல் ஓடத் தொடங்கியது. சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் காடு வரைக்கும் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். இதில் எனக்குப் பிடித்த விஷயம் நடுவில் இருந்த சரிவுப் பாதைகள். அங்கே எஞ்சின் ஏற முடியாது. மரம் ஏற்றிய வண்டி தன் எடையாலேயே கீழே இறங்கும். அது இறங்குகிற வேகத்தில், கம்பி வடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டி மேலே ஏறும். கிணற்றில் ரெண்டு வாளி கட்டி இறைப்பது மாதிரி. கரிச்செலவு இல்லாத போக்குவரத்து!

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. அருகிலிருந்த நல்ல மரமெல்லாம் வெட்டித் தீர்ந்துபோனால் ரயில் எதைச் சுமக்கும்? லாரிகளும் வந்துவிட்டன. நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பாதையை மூடிவிட்டார்கள்.

திசை மாறிய காடு

ரயில் போன பிறகு பறம்பிக்குளத்துக்கு மேற்குக் கதவு சாத்தியது. சில வருஷத்தில் கிழக்குக் கதவு திறந்தது. அதைத் திறந்தது மரம் இல்லை, தண்ணீர்.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு பி.ஏ.பி. என்ற மூன்றெழுத்தை விளக்க வேண்டியதில்லை. பறம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். மேற்கே ஓடிக் கடலில் கலக்கிற தண்ணீரை மலைக்குள் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்புகிற திட்டம். பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் நிற்பது கேரள மண்ணில். பராமரிப்பது தமிழ்நாடு. ரெண்டு மாநிலமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1970 மே மாதம், ஆனால் 1958 நவம்பரிலிருந்தே அமலுக்கு வந்ததாக அதில் எழுதிக்கொண்டார்கள். முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவது பேங்க்கில் மட்டும் நடப்பதில்லை!

அணை கட்ட சிமெண்டும் கம்பியும் ஆட்களும் போக ரோடு வேண்டும். அந்த ரோடு கிழக்கிலிருந்து போனது. அதன் வழியாகத்தான் பஸ்ஸும் வந்தது. காட்டில் காலம்காலமாக இருக்கிற காடர், மலசர், மலைமலசர், முதுவர் மக்களுக்குச் சந்தை, ஆஸ்பத்திரி எல்லாமே பொள்ளாச்சிப் பக்கம் என்று ஆனது.

நாம் சுற்றுலாவுக்குப் போனால் ஆனப்பாடியில் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறையின் சின்ன பஸ்ஸில் ஏற வேண்டும். கூடவே வழிகாட்டியாக ஒருவர் வருவார், பெரும்பாலும் அங்கேயே இருக்கிற பழங்குடிக்காரர். எங்களோடு வந்தவர் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். மான், காட்டெருமை எல்லாம் காட்டிக்கொண்டே வந்தவரிடம் நான் அசட்டுத்தனமாக, "அண்ணே, நேரா கேரளாவுக்குள்ள இறங்க வழியே கிடையாதா?" என்றேன். "நடந்தா இருக்குங்க. நோயாளியை வச்சுட்டு நடக்க முடியாதுல்லீங்க" என்றார்.

அந்தப் பதிலின் கனம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. 2020ல் கொரோனா வந்தபோது மாநில எல்லைகளை மூடினார்களே, அப்போது பறம்பிக்குளத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சொந்த மாநிலத்துக்குப் போகிற ஒரே ரோடு அடுத்த மாநிலம் வழியாக. அந்த ரோடும் அடைப்பு. அந்த வருஷம் காந்தி ஜெயந்தி அன்று, முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த தேக்கடி குடியிருப்பு மக்கள் (குமுளித் தேக்கடி இல்லை, இது பறம்பிக்குளம் பக்கத்துத் தேக்கடி) தாங்களே மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு, அடிவாரத்துச் செம்மணாம்பதிக்குக் காட்டு வழியே பாதை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள். தேக்கு மரத்துக்காக 80 கிலோமீட்டர் தண்டவாளம் போட்ட மலை. மனுஷனுக்காகச் சில கிலோமீட்டர் பாதைக்கு 113 வருஷம் கழித்துக் கடப்பாரை தூக்க வேண்டியிருந்தது.

உடுமலை வழியாக மேலே

பறம்பிக்குளத்திலிருந்து மூணாறுக்கு நேர் வழி கிடையாது. திரும்பப் பொள்ளாச்சி இறங்கி, உடுமலை வந்து, அமராவதி அணையைத் தாண்டி, ஒன்பதாறு செக்போஸ்ட்டில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு மேலே ஏற வேண்டும். அடுத்து சின்னாறு, கேரள எல்லை. கேரளா என்றாலே மழை என்று நினைப்பவர்கள் சின்னாறைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். மழை மறைவுப் பகுதி. முள் காடும் பாறையுமாக, நம்ம ஊர்க் காடு மாதிரியேதான் இருக்கும்.

அதற்கு மேல் மறையூர். சந்தனக் காடு, கரும்பு, உருண்டை வெல்லம். மறையூர் வெல்லத்துக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப் பகுதிக்கு அஞ்சுநாடு என்று பழைய பெயர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று ஐந்து ஊர்கள். தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அந்த ஊர்க்காரர்கள் பரம்பரையாகச் சொல்லிவருகிற வரலாறு. ஆக, வெள்ளைக்காரன் தேயிலை வைப்பதற்கு எவ்வளவோ முன்பே கிழக்கிலிருந்து இந்த மலைக்குத் தடம் இருந்திருக்கிறது. காலால் போட்ட தடம்.

ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய்

மூணாறின் கணக்குப் புத்தகத்தில் முதல் பதிவு 1877 ஜூலை 11. பூஞ்சாறு ராஜா, ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல். குத்தகை ஆண்டுக்கு 3,000 ரூபாய். ஏக்கருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் மூணு பைசாகூட வராது. அந்தக் காலத்து ரூபாய்க்கு மதிப்பு அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் என் இருபது வருஷ சர்வீசில் இவ்வளவு மலிவான லீசைப் பார்த்ததில்லை.

1879ல் ஒரு தோட்டச் சங்கம் அமைத்தார்கள். காப்பி, சின்கோனா, ஏலம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். 1880ல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் தேயிலை வைத்தார். பிடித்துக்கொண்டது. 1895ல் ஸ்காட்லாந்து முதலாளிகளான ஃபின்லே மியூர் உள்ளே வந்தார்கள். 1897ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது.

இப்போது அதே பழைய கேள்வி. விளைகிறது, எப்படி வெளியே கொண்டுபோவது? மேற்கே அடர்ந்த காடு, ஆறு, அடைமழை. கிழக்கே மலை சுவர் மாதிரி இறங்குகிறது. ஆனால் இறங்கிவிட்டால் சமவெளி, அங்கே ரயில். அதனால் கிழக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். திருவாங்கூர் சமஸ்தானத்தில் விளைந்த தேயிலை போன வழி இதுதான்:

1902ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் எடையில் பெரும்பகுதி தண்டவாளத்தின் மேல், கவிழாமல் இருக்க ரோட்டின் மேல் உருளும் இன்னொரு சக்கரம். இழுத்தது மாடு. 1908ல் அதை எடுத்துவிட்டு ரெண்டடி அகலத்தில் முறையான சின்ன ரயில் போட்டார்கள், நீராவி எஞ்சினோடு. டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே இறங்கி, குரங்கணி பக்கம் கொட்டகுடிக்கு வரும். (மறையூர்ப் பக்கத்துக் கொட்டகுடி வேறு, இது வேறு.) மேலே இருந்தது டாப் ஸ்டேஷன், கீழே இருந்தது பாட்டம் ஸ்டேஷன். பிள்ளைகளின் கேள்விக்கு இதுதான் பதில். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. போடியிலிருந்து அம்மையநாயக்கனூர், அதாவது நாம் கொடைக்கானல் போக இறங்குகிற கொடை ரோடு ஸ்டேஷன். அங்கே ரயிலேற்றித் தூத்துக்குடி. தூத்துக்குடியில் கப்பல். பிறகு இங்கிலாந்து.

ஒரு பெட்டித் தேயிலை எத்தனை கை மாறியிருக்கிறது பாருங்கள். கீழே தேயிலை இறங்கிய அதே வழியில் மேலே என்ன ஏறியது? அரிசி ஏறியது, சாமான் ஏறியது. ஆட்கள் கயிற்றில் ஏறவில்லை, நடந்து ஏறினார்கள். கங்காணி ஊர் ஊராகப் போய், முன்பணம் கொடுத்து, திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்தார். மூட்டையும் கைக்குழந்தையுமாக ஏறினார்கள். அந்த முன்பணத்தைக் கங்காணியின் கணக்கில் கழித்து முடிப்பதற்குள் அடுத்த தலைமுறை கொழுந்து பறிக்க வந்துவிடும். வட்டியும் அசலும் தெரிந்த நமக்கு அது எந்த மாதிரிக் கடன் என்று புரியும்.

தொண்ணூற்றொன்பது வெள்ளம்

1924 ஜூலை. மலையாள ஆண்டு 1099. இன்றும் கேரளாவில் பெரியவர்கள் "தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்" என்றுதான் சொல்வார்கள். மூணாறில் வாரக்கணக்கில் மழை. மாட்டுப்பட்டியில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே மண்ணும் மரமும் அடைத்துத் தானாகவே ஒரு அணை மாதிரி ஆகி, அது உடைந்துதான் மூணாறு ஊரை அடித்துக்கொண்டு போனது என்று சொல்வார்கள். ரயில் பாதை போனது. மேற்கே மாங்குளம், பூயம்குட்டி வழியாக ஆலுவாய்க்கு இருந்த பழைய ரோடும் மலைச்சரிவில் போனது.

ரயிலைத் திரும்பப் போடவில்லை. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் பிறகு கம்பெனி ஆபீஸ் ஆனது. ஏன் போடவில்லை என்பதற்கு அப்போது அக்கம்பக்கத்தில் நடந்தவற்றைப் பார்த்தாலே போதும். மோட்டார் லாரி வந்துவிட்டது. கொச்சியில் ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார், 1928ல் உள்துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் நுழைந்தது. 1931ல் நேரியமங்கலம் வழியாக ஆலுவாய் - மூணாறு புது ரோடு திறந்தது. 1935ல் நேரியமங்கலத்தில் பெரியாற்றுக்குப் பாலம். 1947ல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியது. நடுவே கிழக்கே போடிக்கும் 1928ல் மதுரையிலிருந்து ரயில் வந்தது, ஆனால் உலகப் போர் சமயம் 1942ல் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் மறுபடி போட்டார்கள்.

முன்னால் சொன்ன பறம்பிக்குளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மேற்கே போன பாதை மூடி, கிழக்கே திறந்தது. இங்கே கிழக்கே போன பாதை மூடி, மேற்கே திறந்தது. ரெண்டு இடத்திலும் சரக்கின் கணக்கு மாறியது, பாதை மாறியது. அந்தப் பாதையை நம்பி வந்தவர்களையும், அதன் அருகில் வாழ்ந்தவர்களையும் கேட்டு யாரும் மாற்றவில்லை.

1956ம் அதற்குப் பிறகும்

மூணாறின் தேயிலை மேற்கே திரும்பியது, மக்கள் திரும்பவில்லை. பெண் எடுப்பது, கொடுப்பது, குலசாமி, பொங்கல் எல்லாம் கிழக்கேதான். மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கன்னியாகுமரிப் பக்கத்து நாலு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாகாணத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவில் இருந்துவிட்டன. சரியா தப்பா என்று இங்கே பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. 1972ல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அவை அதில் சேர்ந்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நாம் பாஸ்போர்ட், விசா, சம்பளச் சான்றிதழ் எல்லாம் பார்த்து, கணக்குப் போட்டு வெளியே வந்தவர்கள். பத்து வருஷத்தில் ஊரில் ஒரு வீடு கட்டிவிடுகிறோம், அது பூட்டியே கிடந்தாலும். மூணாறு எஸ்டேட்டில் நாலாவது தலைமுறை ஆனாலும் பலருக்கு வீடு கிடையாது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதைக் கம்பெனியின் பொறுப்பாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை இருக்கிறவரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், இல்லை பிள்ளைகளில் ஒருவராவது எஸ்டேட் வேலையில் சேர்ந்து அந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டும். பேங்க்காரன் பாஷையில் சொன்னால், நூறு வருஷம் உழைத்தும் அடமானம் வைக்க ஒரு பத்திரம் கிடையாது. பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ தொழில் கடனுக்கோ ஜாமீனாகக் காட்ட எதுவும் இல்லை. வறுமையைப் பற்றி எத்தனையோ பேசுகிறோம், இந்தப் பத்திரம் இல்லாத விஷயத்தை யாரும் பேசுவதில்லை.

2005ல் கம்பெனி கைமாறி, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் 2015ல் அந்தப் பங்குதாரப் பெண்களின் தினக்கூலி 232 ரூபாய். போனஸ் 10 சதவீதம் என்று குறைத்ததும் செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு ரோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. பெண்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலை ஒன்பது நாள் நின்றது. போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். கேரளாவையும் தமிழ்நாட்டையும் இணைக்கிற அந்த ரோட்டை மறித்தால்தான் கீழே இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

பாதை இல்லாத ராத்திரி

இந்த மலைப் பாதைகளை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ரெண்டு சம்பவங்கள்.

2018 மார்ச் 11. பழைய பாட்டம் ஸ்டேஷன் இருந்த அதே குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு நடந்து ஏறிவிட்டு இறங்கிய மலையேற்றக் குழுக்கள் காட்டுத் தீயில் மாட்டிக்கொண்டன. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள், சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கமிருந்தும் போனவர்கள்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. ராஜமலை பக்கம் பெட்டிமுடி. மலை சரிந்து எஸ்டேட் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மூணாறு - உடுமலை ரோட்டில் இருக்கிற பெரியவாரைப் பாலம் 2018 வெள்ளத்தில் உடைந்து, அப்போது இருந்த தற்காலிகப் பாலமும் மழையில் பாழாகி, ஆம்புலன்ஸ் போய்ச் சேரவே தாமதம். மின்சாரமும் போனும் இல்லாததால் விஷயம் வெளியே தெரிந்ததே மறுநாள் காலையில்தான். பிழைத்த குடும்பங்களுக்குப் பிறகு குட்டியாறு பள்ளத்தாக்கில் எட்டு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். சொந்த வீடு. அது கிடைத்த விதத்தை நினைத்தால் மனசு கனத்துப்போகிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பறம்பிக்குளத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள், வனத்துறைச் சின்ன பஸ்ஸில் வழிகாட்டியிடம் பேச்சுக் கொடுங்கள். உடுமலை - மூணாறு ரோட்டில் இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு. மூணாறில் கேரள அரசு பஸ்காரர்கள் 2021 ஜனவரியிலிருந்து சுற்றுலா பஸ் விட்டார்கள், 2025 பிப்ரவரியில் கண்ணாடி வைத்த மாடி பஸ்ஸும் வந்தது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். டாப் ஸ்டேஷனில் பார்வை முனை தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது. கிழக்கே பனி விலகினால் கீழே தெரிவது குரங்கணி, அதற்கு அப்பால் போடி. தேயிலை இறங்கிய வழியை விரலால் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

திரும்பும்போது முடிந்தால் வேனை முன்னால் அனுப்பிவிட்டு, மூணாறிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிக்குச் சாதாரண லைன் பஸ்ஸில் இறங்குங்கள். பேத்தியைப் பார்க்கப் போகிற பாட்டி, தேனியில் படிக்கிற பையன், முட்டைக்கோஸ் மூட்டை எல்லாம் ஒரே பஸ்ஸில் இருக்கும். அகலப்பாதை ஆன பிறகு 2023 ஜூனிலிருந்து போடிக்கு ரயிலும் திரும்ப வந்துவிட்டது, அங்கிருந்து சென்னைக்கே ஏறிவிடலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் எந்த எஸ்டேட், பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் உங்களுக்குத் தெரிந்த ஊர்ப் பெயராகத்தான் இருக்கும்.